ஸ்கானர் தின்ற புள்ளிகள்

போன மாதம் அம்மம்மாவின்ர இரும்புப் பெட்டியில் இருந்து ஒரு கல்வெட்டை எடுத்தேன். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிற ஆக்களுக்காகச் சொல்கிறேன்: இது கல்லில் வெட்டியது இல்லை. ஒருவர் இறந்து 31ஆம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்ன நினைவுப் புத்தகம். படம், வாழ்க்கைக் குறிப்பு, திதி வெண்பா, புலம்பல், கடைசியில் வம்சாவளி எல்லாம் அதில் இருக்கும். இது அம்மம்மாவின் ஐயாவுடையது. 1962 இல் அச்சானது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் காணி உறுதியோட ஒரே பையில் தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்தது.

வீட்டில கிடக்கிற ஸ்கானரில் அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்தேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, பார்க்கப் பளிச்செண்டு இருந்தது. பெரிசாக்கி அம்மம்மாவுக்குக் காட்டினேன்.

"இதென்னடா, ஐயா 1898 இல பிறந்தவர் எண்டு கிடக்கு? பெரியண்ணர் பிறந்தது 15 இல. பதினேழு வயசில ஐயாவுக்குப் பிள்ளையோ?"

புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். 1893. மை கொஞ்சம் ஊறின '3'. என்ர ஸ்கானர் அதை '8' ஆக்கிவிட்டது. பிறகு வரிவரியாகப் பார்த்தால், மங்கலான இடங்களில் மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் காணாமல் போயிருந்தன.

பிழை என்னுடையது. 'கறுப்பு வெள்ளை' எண்டு தெரிவு செய்திருந்தேன். அந்த முறையில் ஒவ்வொரு பிக்சலும் கறுப்பா, வெள்ளையா எண்டு ஸ்கானரே தீர்மானிக்கும். இடையில் சாம்பல் நிறம் கிடையாது. பழுப்பேறின தாளில் '3' இன் வாய்க்குள் இருந்த சின்ன இடைவெளி கறுப்புப் பக்கம் விழுந்தது. மை குறைந்த புள்ளி வெள்ளைப் பக்கம் விழுந்தது.

புள்ளி இல்லாத தமிழ் எங்களுக்குப் புதிசு இல்லை. ஓலைச்சுவடிகளில் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். எ, ஏ வேறுபாடும் எழுத்தில் தெரியாது. 'பல' எண்டு இருந்தால் அது பல்லா, பலவா எண்டு வாசிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, தொட்டால் நொறுங்கும் ஏடுகளில் இருந்து இப்படி ஒவ்வொரு எழுத்தாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்த ஆக்கள் பாடுபட்டு அச்சில் ஏற்றின புள்ளிகளைத்தான் நான் ஒரு பட்டனில் அழித்தேன்.

பெரிய இயந்திரங்களும் இதைச் செய்திருக்கின்றன. 2013 இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி ஆய்வாளர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கான் செய்தபோது, அறைகளின் பரப்பளவு எண்களே மாறியிருப்பதைக் கண்டார். கோப்பின் அளவைக் குறைக்க, ஒரே மாதிரித் தெரிந்த துண்டுகளை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மென்பொருள் ஒட்டியிருந்தது. எண்கள் தெளிவாக இருந்தபடியால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மங்கலான ஸ்கானை நாங்கள் நம்பமாட்டோம். தெளிவான பிழையான ஸ்கான்தான் ஆபத்து.

எங்களுக்கு ஆபத்து இன்னும் கூட. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தபோது சுமார் 97,000 புத்தகங்கள் எரிந்தன. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. மிஞ்சினதில் கொஞ்சம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இவற்றைச் சேர்த்து வருகிறது. கல்வெட்டுகளும் அங்கே இருக்கின்றன. கறையான் புத்தகத்தைத் தின்றால் பிறகு மிஞ்சப்போவது நாங்கள் எடுத்த ஸ்கான் மட்டும்தான்.

அதால், இரண்டாம் தரம் எடுக்கேக்குள்ள பழகினதைச் சொல்கிறேன்.

பழைய தாளை எப்பவும் கலரில் எடுங்கள். எழுத்துக்கு 300 டிபிஐ, பொடி எழுத்துக்கு 400, தனிப் புகைப்படத்துக்கு 600. மூலக் கோப்பை டிஃப் வடிவில் வையுங்கள். மாமாவுக்கு அனுப்புகிறதைப் பிறகு சின்னதாக்கலாம்.

மறுபக்க எழுத்து தெரிந்தால் தாளின் பின்னால் ஒரு கறுப்பு மட்டையை வையுங்கள். மூடியின் வெள்ளை நிறம்தான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி அந்த எழுத்தைக் காட்டுகிறது.

பக்கம் முழுக்க ஒரு நேர்கோடு விழுந்தால் தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி எடுங்கள். கோடு எழுத்தோட நகர்ந்தால் கறை தாளில்; நின்ற இடத்திலேயே நின்றால் பிழை ஸ்கானரில். கண்ணாடியைத் துடையுங்கள். தண்ணியைத் துணியில் தொட்டுத் துடைக்க வேண்டும், கண்ணாடியில் நேரே ஊற்றக்கூடாது.

நடு மடிப்பு மங்கினால் புத்தகத்தை அமத்தி முதுகை உடைக்காதீர்கள். மெல்லிய வீட்டு ஸ்கானர்கள் பலவற்றுக்குக் கண்ணாடியில் இருந்து சில மில்லிமீற்றர் விலகினாலே பார்வை மங்கிவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் வெளிச்சமான இடத்தில் போனில் படம் எடுத்துச் சேர்க்கலாம்.

அச்சுப் படங்களில் அலை அலையாக ஒரு கோலம் வந்தால் கூடின டிபிஐயில் எடுத்துப் பிறகு குறையுங்கள்.

கடைசியாக ஒன்று. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே தாள் இல்லாமல் கோட்டுக்கொப்பித் தாளில் பேப்பர் அச்சடித்த நாட்கள் இருந்தன. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அந்தக் கோடுகள் எழுத்தை வெட்டிக்கொண்டு போகும். மென்பொருளால் 'சுத்தம்' செய்தாலோ கோடு போய்விடும், அதோட தாள் தட்டுப்பாட்டின் சாட்சியும் போய்விடும். பழுப்பு, கறை, கோடு எல்லாம் அந்த ஆவணத்தின்ர பகுதிதான். மூலக் கோப்பில் அவற்றைத் தொடாதீர்கள்.

கல்வெட்டை மறுபடி எடுக்க இரண்டு நாள் பிடித்தது. முடிய, அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி, புத்தகத்தையும் திரையையும் ஒவ்வொரு பெயராக ஒத்துப் பார்த்தோம். வம்சாவளியில் இல்லாத இரண்டு பிள்ளைகளின் பெயரையும் அவ சொன்னா. குழந்தையிலேயே செத்துப்போன ஆக்கள். அதைத் தனித் தாளில் எழுதிக் கல்வெட்டுக்குள் வைத்திருக்கிறேன். உங்கட வீட்டுப் பெட்டியையும் திறவுங்கோ. ஒத்துப் பார்க்கக்கூடிய ஆக்கள் இருக்கேக்குள்ளயே திறவுங்கோ.