குரோஷே தலைப்பட்டை

குரோஷே தலைப்பட்டை என்பது, முனையில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னி, முன்முடியை ஒதுக்கி நிறுத்தவும் நெற்றி வியர்வையை உறிஞ்சவும் அணியப்படும் பட்டையாகும். ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தையும் ஊசிகளே தாங்கி நிற்க, குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி மட்டுமே ஊசியில் திறந்திருக்கும். எனவே வேலையை எந்த இடத்திலும் நிறுத்தி வைக்கலாம், பிழை நேர்ந்தால் அந்த இடம்வரை மட்டும் பிரித்துத் தொடரலாம் என்பதால், வீட்டு வேலைகளுக்கு நடுவே கையிலெடுத்து வைக்கத்தக்க கைவேலையாக இது பரவியது.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பரவலான இக்கலை, 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தின்போது அந்நாட்டுப் பெண்களுக்கு வருவாய் ஈட்டித்தந்தது. தென்னிந்தியாவில் சரிகையற்ற வெண்ணூல் லேஸ் வேலை கிறித்தவ மிஷன்களின் வழியே வேரூன்றியது. நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையார் அறிமுகப்படுத்தியது திண்டின் மேல் நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேறொரு முறை. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் பரவியதோ கொக்கி ஊசி வேலையே. நரசாபுரம் குரோஷே லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தமிழ் வீடுகளில் குரோஷே நெடுங்காலம் மேசை விரிப்பு, வாசல் தோரணம், தொலைக்காட்சிப் பெட்டியின் மேலுறை என்று மரச்சாமான்களையும் சுவர்களையுமே அலங்கரித்ததே தவிர, உடலில் அணிவதற்கு அரிதாகவே பயன்பட்டது. பிற்காலத்தில் சென்னையை மையமாகக் கொண்ட 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் பெண்கள் குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே போர்வையைக் காட்சிக்கு வைத்துக் கின்னஸ் சாதனை படைத்தது. போர்வைக்குத் தேவை மிகக் குறைந்த ஒரு நகரத்தில் அது நிகழ்ந்தது என்பது சற்று வேடிக்கையே.

தலைப்பட்டைக்கும் அதே பொருத்தமின்மை உண்டு. இன்று கிடைக்கும் செய்முறைகளில் கணிசமானவை குளிர்நாடுகளில் காதை மூடிக் கதகதப்பூட்டுவதற்காக வகுக்கப்பட்டவை; அவற்றை அப்படியே பின்பற்றினால், பாலாற்றுக்குத் தெற்கே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த, கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் அறியப்படும் படாளம் போன்ற ஊரில், மே மாதக் கத்திரி வெயிலில் அந்தப் பட்டையை அரைமணி நேரம்கூட அணிய இயலாது. மாமல்லபுரக் கரையில் முற்பகலிலோ நண்பகலையொட்டியோ எழும் கடற்காற்று உள்நாட்டை எட்டத் தாமதமாகும்; மேல்காற்று வலுத்த நாள்களில் அது மேலும் பிந்தும். கரையோரத்தில் வெப்பம் சற்றுத் தணிந்தாலும் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை எளிதில் உலராது. ஆகவே இப்பகுதிக்கான பட்டை வியர்வையை உறிஞ்சினால் மட்டும் போதாது, காற்று புகும் துளைகளும் அதற்கு வேண்டும்.

இதனால் பூவேலையின் அழகைவிட நூலின் தேர்வே முதன்மை பெறுகிறது. ஃபேன்சி கடைகளில் 'உல்லன்' என்ற பெயரில் விற்கப்படும் நூல் பெரும்பாலும் கம்பளியன்று, அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அது மென்மையாக இருப்பினும் வியர்வையை ஏற்பதில்லை. தோரணம் பின்னப் பயன்பட்ட பருத்தி நூலே இங்கு ஏற்றது. மிக மெல்லிய நூலில் வேலை நீளும், தடித்ததில் பட்டை கனத்துப்போகும் என்பதால், நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூலும் 2.5 மில்லிமீட்டர் ஊசியும் வசதியானவை. பருத்திக்கு உள்ள ஒரு குறை, இழுத்தால் மீளும் தன்மை போதாமை. அதை எலாஸ்டிக் துண்டு ஈடுசெய்கிறது.

தலையின் சுற்றளவு 55 சென்டிமீட்டர் என்றால், 40 சென்டிமீட்டர் பின்னலும் 10 சென்டிமீட்டர் எலாஸ்டிக்கும் சேர்ந்த பட்டை நழுவாமலும் இறுக்காமலும் பொருந்தும். ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலத்துக்கு, ஊசியால் நூலை இழுத்து இழுத்து உருவாகும் சங்கிலிக் கண்ணிகள் 20 இடப்படுகின்றன. ஊசியிலிருந்து ஆறாவது கண்ணியில் ஓர் உயரப் பின்னல், அதாவது ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு, கண்ணிக்குள் நுழைத்து இழுத்து, இரண்டிரண்டாகக் கழித்து முடிக்கும் தூண் போன்ற பின்னல் போடப்படுகிறது. பின்னர் ஒரு சங்கிலி இட்டு, அடியில் ஒரு கண்ணியைத் தாண்டி, அடுத்ததில் மீண்டும் உயரப் பின்னல் என்று தொடர்ந்தால், தொடக்கத்தில் தாண்டிய சங்கிலியையும் ஒரு தூணாக எண்ண, ஒன்பது தூண்களும் அவற்றிடையே எட்டுத் துளைகளும் கொண்ட முதல் வரிசை கிடைக்கும். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் நான்கு சங்கிலி இட்டுத் திருப்பி, தூணின் மேல் தூண் வருமாறு பின்ன வேண்டும். கடைசித் தூணைத் திருப்பச் சங்கிலியின் மூன்றாம் கண்ணியில் இடத் தவறுவதே பட்டை வரவர ஒடுங்குவதற்கு வழக்கமான காரணம். இந்த உயரப் பின்னலை அமெரிக்கச் செய்முறைகள் 'டபுள்' என்றும் பிரித்தானிய நூல்கள் 'டிரெபிள்' என்றும் குறிப்பிடுவதால், செய்முறை எந்த நாட்டு வழக்கைச் சார்ந்தது என்பதை முதலிலேயே அறிந்துகொள்வது நலம்.

உரிய நீளம் வந்ததும், பட்டையைச் சுற்றி நெருக்கமான குட்டைப் பின்னலால் ஓரம் கட்டப்படுகிறது. துளைகள் தொய்ந்து அகலாமல் காப்பது இவ்வோரமே. இரு முனைகளையும் நூலோட்டிச் சுருக்கி, துணியுறைக்குள் செருகிய எலாஸ்டிக்குடன் தைத்தால் பட்டை முழுமை பெறும். தைத்த இடம் பிடரியில் பின்னலுக்கோ கொண்டைக்கோ அடியில் மறைவதால், மேலே சூடும் மல்லிகைச் சரத்துக்கு அது இடையூறாவதில்லை.

தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் அணியும் பருத்திப் பட்டை எண்ணெயையும் சேர்த்தே உறிஞ்சும். வெள்ளை நூல் சில வாரங்களிலேயே பழுப்பேறுவது அதனால்தான். அடர்நிற நூல் கறையை மறைக்குமாயினும், சாயம் வியர்வையில் கசியலாம் என்பதால் பின்னுவதற்கு முன்பே சிறு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்ப்பது வழக்கம். துவைத்த பட்டையை முறுக்கிப் பிழியாமல், துண்டில் ஒற்றி, நிழலில் கிடைமட்டமாக விரித்து உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தாலேயே அது நீண்டுவிடும்.