சுணையும் எரிச்சலும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரப்பற்றில், நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர் கிளிவெட்டி. சூடு அடிக்கும் காலத்தில் களத்தில் நின்றவனுடைய உடம்பெங்கும் நெற்சுணை ஒட்டி நமைக்கும். அந்தச் சுணை என்ற சொல்லே மானவுணர்ச்சியையும் குறிக்கும். தோலை நமைக்கச் செய்யும் நுண்முள்ளுக்கும், பழிச்சொல் கேட்டால் உறைக்கும் மனத்துக்கும் தமிழர் ஒரே பெயரை வழங்கினர். 'சுணை கெட்டவன்' என்பது சிறிய வசையன்று.

ஆங்கிலத்திலும் உடம்பிலிருந்து உள்ளத்துக்கு ஏறிய சொற்கள் உண்டு. மனம் புழுங்குதலைக் குறிக்கும் 'ஃபிரெட்' பழைய ஆங்கிலத்தில் அரித்துத் தின்னுதலைக் குறித்தது. காஞ்சொறி போன்ற 'நெட்டில்' என்னும் செடியின் பெயர் வினைச்சொல்லாகி, ஒருவரைச் சீண்டுதல் என்றாயிற்று. 'அனாய்' இவ்வினத்ததன்று, 'வெறுப்பில்' என்று பொருள்படும் இலத்தீன் தொடர் பிரெஞ்சு வழியாக வந்து அவ்வுருப் பெற்றது.

எல்லாவற்றிலும் விந்தையானது 'இரிட்டேட்' என்பதன் கதை. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்தபொழுது சினமூட்டுதல், கிளர்ந்தெழச் செய்தல் என்பனவே அதன் பொருள். தோலின் எரிவும் வீக்கமும் அடுத்த நூற்றாண்டிலேதான் அதனோடு சேர்ந்தன. பேர்ன் நகரிற் பிறந்த ஹாலர் என்னும் உடலியல் அறிஞர், 1752இல், தீண்டினாற் சுருங்கும் தசையின் இயல்புக்கு இச்சொல்லின் அடியாகவே பெயரிட்டார். மற்றவை படியேற, இது படியிறங்கிற்று.

இறங்கிய சொல் மருத்துவர் நாவில் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. தமிழிலோ கண்ணிற் புகை பட்டாற் கரிக்கும். மணல் விழுந்தால் உறுத்தும். மிளகாய் பட்டால் எரியும். தோல் நமைக்கும், தொண்டை கரகரக்கும். இவற்றை ஒரு சொல்லில் அடக்க முயல்வது வீண்வேலை.

இந்த வேறுபாடு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு மருத்துவரின் அன்றாடத் தொழிலோடு பொருந்தியது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்திலே மருத்துவம் கற்பித்தார். பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கலானார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. கலைச்சொற்களையும் தொகுத்தார். ஏறக்குறைய 67,000 சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதியும் அக்காலத்தில், 1862இல், சென்னையில் அச்சாயிற்று.

அகராதி அருகிலிருந்தாலும் நோயாளி பேசுவது தன் ஊர்ப் பேச்சையே. களத்திலிருந்து வந்த உழவன் கண் 'உறுத்துகிறது' என்றால், தமிழறிந்த மருத்துவர் முதலில் இமையைப் புரட்டி உமி தேடுவார். 'எரிகிறது' என்றால், கண்ணில் என்ன பட்டது என்று கேட்பார்.