பெட்ரோல் எண்ணின் கதை



சம்பளம் போட்ட மறுநாள் மாலையில் சிகாமட் பட்டணத்துப் பெட்ரோல் நிலையங்களைப் பார்த்தால், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்து நிற்பதைக் காணலாம். லாபிஸ் பக்கமிருந்தும் பூலோ காசாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். சிலர் மஞ்சள் கைப்பிடியை எடுக்கிறார்கள். அது ரோன் 95. சிலர் பச்சைக் கைப்பிடியை எடுக்கிறார்கள்; அது ரோன் 97. பச்சைக்கு விலை கூடுதல். "கூடக் காசு கொடுத்தால் வண்டி நன்றாக இழுக்கும், என்ஜின் நீண்ட நாள் உழைக்கும்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். "எல்லாம் ஒரே எண்ணெய்தான், வெறும் வியாபாரம்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல. 95, 97 என்ற இந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்து கொண்டால், யார் எதை ஊற்றுவது என்பது தானே விளங்கிவிடும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் சூடு பிறக்கும். மோட்டார் சைக்கிள் என்ஜினிலும் இதுதான் நடக்கிறது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே தள்ளி அமுக்குகிறது. பிறகு பிளக்கில் தோன்றும் பொறி அதைக் கொளுத்துகிறது. தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். தீ வந்து சேர்வதற்கு முன்னரே மிச்சக் கலவை சூடு தாங்காமல் தானாக வெடித்தால், டொக் டொக்கென்று சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். இந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டனே சேதமாகும்.

1920ஆம் ஆண்டு வாக்கில் மோட்டார் வாகனத் தொழிலுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. கலவையை எவ்வளவு அதிகம் அமுக்குகிறோமோ, அவ்வளவுக்கு அதே எண்ணெயில் கூடுதல் வேலை வாங்கலாம். ஆனால் அக்காலத்துப் பெட்ரோல் அதைத் தாங்காது. அதனால் புகழ்பெற்ற ஃபோர்டு டி மாடல் காரில் கலவையை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக மட்டுமே அமுக்கினார்கள்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் சார்லஸ் கெட்டரிங் என்பவரின் கீழ் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி இதற்கு ஒரு மருந்து கண்டார். 1921 டிசம்பர் 9ஆம் தேதி, ஈயம் கலந்த ஒரு திரவத்தைச் சிறிதளவு பெட்ரோலில் சேர்த்தபோது தட்டல் அடங்கியது. 1923 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் இது விற்பனைக்கு வந்தது. உயர்தரப் பெட்ரோல் என்ற வியாபாரம் இப்படித்தான் வளரத் தொடங்கியது.

இந்த மருந்துக்கு முதலில் விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்து பேவே எண்ணெய் ஆலையில், அந்த ஈயத் திரவத்தைத் தயாரித்தவர்களில் ஐந்து பேர் மூளை கலங்கி இறந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இருப்பது பைத்தியம் பிடிக்க வைக்கும் ஆவி என்று அங்கு வேலை செய்தவர்கள் முன்னரே பேசிக் கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு அம்பலம் ஏறவில்லை. விற்பனை சிறிது காலம் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது. உலகச் சாலைகளிலிருந்து ஈயப் பெட்ரோல் முற்றாக ஒழிய 2021 வரை ஆனது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா.

1926இல் கிரஹாம் எட்கர் என்ற வேதியியல் அறிஞர் ஓர் அளவுகோலை வகுத்தார். தட்டலை நன்றாகத் தாங்கும் ஒரு திரவத்துக்கு 100 என்றும், சிறிதும் தாங்காத ஒன்றுக்கு 0 என்றும் எண் கொடுத்தார். இரண்டையும் வெவ்வேறு அளவில் கலந்து, சோதிக்கும் பெட்ரோல் எந்தக் கலவையைப் போல் நடந்து கொள்கிறது என்று பார்த்தார்கள். 95 பங்கு முதல் திரவமும் 5 பங்கு இரண்டாவது திரவமும் கலந்தது போல் தாங்கினால் அதுவே 95. ஆகவே இந்த எண் சக்தியின் அளவு அன்று, பொறுமையின் அளவு. 97இல் 95ஐ விட அதிக வெப்பம் அடங்கியிருக்கிறது என்று இந்த எண் சொல்லவில்லை. அமுக்கினால் அவசரப்பட்டு வெடிக்காது என்று மட்டுமே சொல்கிறது.

அப்படியானால் உயர்ந்த எண்ணால் பயனே இல்லையா? உண்டு. 1940இல் பிரிட்டனின் வான்படை, ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போர் விமானங்களில் 87 எண் பெட்ரோலுக்குப் பதிலாக 100 எண் பெட்ரோலைப் பயன்படுத்தியது. விமானங்களின் வேகம் கூடியது. ஆனால் பெட்ரோலை மட்டும் மாற்றி அந்தப் பலனை அடையவில்லை. என்ஜினுக்குள் கலவையைத் திணிக்கும் அழுத்தத்தையும் சேர்த்து உயர்த்தினார்கள். என்ஜின் கேட்டது, பெட்ரோல் தாங்கியது. கேட்காத என்ஜினுக்குக் கொடுத்தால் அந்தப் பொறுமை வீண்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். 1958 ஆகஸ்டில் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் 50 சிசி வண்டியை வெளியிட்டது. சாமானியர்கள் சாதாரண பெட்ரோலை ஊற்றி ஓட்டுவதற்கான வண்டி அது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை இந்நாட்டுக்குக் கொண்டு வந்தார். கப் என்ற பெயரோடு, சிறியது என்ற பொருளுள்ள சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று. சைக்கிளில் போய்ப் பால்மரம் வெட்டிய தலைமுறையின் பிள்ளைகள், கப்சாயில் செம்பனைக் காட்டுக்குப் போனார்கள். இவ்வண்டிகளின் என்ஜின் கலவையை ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அதற்கு 95 தாராளமாகப் போதும்.

நம் நாட்டில் 2009 செப்டம்பர் முதல் தேதி, ரோன் 92க்குப் பதிலாக ரோன் 95 வந்தது. அன்று 95 லிட்டர் 1 வெள்ளி 80 காசு. 97 லிட்டர் 2 வெள்ளி 5 காசு. வித்தியாசம் 25 காசுதான். 2010 ஜூலையில் 97க்கு அரசாங்க உதவித்தொகை நின்றது; அதன் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கத் தொடங்கியது. 2022 ஜூனில் அது 4 வெள்ளி 80 காசையும் தாண்டியபோது, 95 விலை 2 வெள்ளி 5 காசாகவே இருந்தது. 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு அடையாள அட்டையின் வழி 95ஐ 1 வெள்ளி 99 காசுக்கு விற்கும் திட்டம் தொடங்கியது. இதிலிருந்து ஒன்று தெரிகிறதல்லவா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் தரத்துக்குக் கொடுக்கும் விலை அன்று. அதில் ஒரு பகுதி, அரசாங்கம் தரும் உதவியை நாமே வேண்டாம் என்று தள்ளுவதற்குக் கொடுக்கும் விலை.

இளைஞர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. 2015 செப்டம்பரில் 97 யூரோ 4 என்னும் தூய்மைத் தரத்துக்கு மாறியது. அதில் கந்தகம் குறைவு. 95 அந்தத் தரத்துக்கு வந்தது 2020 ஜனவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் பச்சை எண்ணெய் சுத்தமானது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 2020க்குப் பிறகு அந்தக் காரணம் போய்விட்டது.

கணக்கைப் பார்ப்போம். லிட்டருக்கு ஒரு வெள்ளி வித்தியாசம் என்று வைத்துக் கொள்வோம். வாரத்துக்கு இரு முறை, நான்கு லிட்டர் வீதம் ஊற்றினால், வாரம் எட்டு வெள்ளி; ஆண்டுக்கு 416 வெள்ளி. பின் சக்கரத்துக்குப் புது டயரும், சங்கிலியும், வேளாவேளைக்கு என்ஜின் எண்ணெயும் மாற்றிய பிறகும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு மிஞ்சும் பணம் இது.

மேட்டில் இருவர் ஏறிச் செல்லும்போது உங்கள் வண்டி தட்டினால், பச்சைக் கைப்பிடியைத் தேடாதீர்கள். கியரைக் குறையுங்கள். பிறகு பட்டறைக்குக் கொண்டு போய்க் கரி படிந்திருக்கிறதா, பிளக் சரியானதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நோய் ஒன்றிருக்க மருந்து வேறாகக் கூடாது. கலவையைப் பன்னிரண்டில், பதின்மூன்றில் ஒரு பங்காக அமுக்கும் பெரிய பந்தய வண்டிகளுக்குத்தான் உயர்ந்த எண் தேவைப்படலாம். உங்கள் வண்டிக்கு எது வேண்டும் என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் எழுதியிருக்கிறது. நமக்குப் படிக்க வராவிட்டால், பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுவோம். அதில் 95 என்றிருந்தால், மஞ்சள் கைப்பிடியைத் தயங்காமல் எடுங்கள். மிச்சமாகும் வெள்ளியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.