வாக்குரிமை வழக்குகள்: சென்னை

வாக்காளர் பட்டியலில் ஒருவரின் பெயர் நிலைக்கவும், அவர் போட்ட வாக்கு பிறர் அறியாததாக இருக்கவும், அவருடைய சொந்த விவரங்கள் கட்சிகளின் கைக்குப் போகாமல் இருக்கவும் தொடுக்கப்படுபவை வாக்குரிமை வழக்குகள். பட்டியல் தொடர்பான தகராறுகளை உரிமையியல் நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாதபடி 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடுக்கிறது. ஆகவே சென்னைவாசிகளின் இத்தகைய மனுக்கள் பெரும்பாலும் ரிட் மனுக்களாக உயர் நீதிமன்றத்துக்கே போகின்றன.

தென்சென்னையின் அண்மைய உதாரணம் தியாகராய நகர். 2021 சட்டமன்றத் தேர்தலில் இங்கே திமுகவின் ஜெ. கருணாநிதி, அதிமுகவின் பி. சத்தியநாராயணனை 137 வாக்குகளில் வென்றார். அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே மிகக் குறைந்த வித்தியாசம் இதுதான். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோரின் பெயர்கள் விடுபட்டாலே முடிவு மாறிவிடக்கூடிய தொகுதி இது. தம் கட்சி ஆதரவாளர்கள் சுமார் 13,000 பேரின் பெயர்கள் நீக்கப்பட்டுள்ளதாகவும், பட்டியலை முழுமையாக மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றும் சத்தியநாராயணன் வழக்குத் தொடுத்தார். 2025 அக்டோபரில் அது விசாரணைக்கு வந்தபோது, தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஒரு வாரத்தில் தொடங்கும் என்று தேர்தல் ஆணையம் தெரிவித்தது.

அந்தத் திருத்தமே அடுத்த வழக்குக்கு வித்திட்டது. திமுக உச்ச நீதிமன்றம் சென்றது. நவம்பர் 11 அன்று அந்த நீதிமன்றம், இது குறித்த வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் நிறுத்திவைக்கும்படி கூறியது. டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் போக, பெரும்பகுதி முகவரி மாறியவர்கள். வாடகைக்கு வாழும் நகரத்தில் இது சிறிய விஷயமல்ல: மாம்பலத்தில் வீட்டைக் காலிசெய்து அடையாறு போனால் தொகுதியே மாறிவிடும். புதிய இடத்தில் படிவம் கொடுக்காதவர் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போகிறார். இருக்கும் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதை லால் பாபு ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே வலியுறுத்தியிருக்கிறது.

இவ்வழக்குகளில் காலமே பெரிய தடை. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட என்.பி. பொன்னுசாமியின் வழக்கில், தேர்தல் நடைமுறை தொடங்கிய பின் நீதிமன்றம் இடையில் தலையிடக் கூடாது என்று 1952இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் உள்ள வழி, முடிவு அறிவித்த 45 நாளுக்குள் தேர்தல் மனு. பெயர் விடுபட்டவருக்கு அதனால் அந்தத் தேர்தலின் வாக்கு திரும்பக் கிடைக்காது.

அந்தரங்கம் சார்ந்த வழக்குகளில் முதன்மையானது, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்தது. யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் முன்பு 49-ஓ விதிப்படி அதிகாரியிடம் சொல்லி, பதிவேட்டில் தம் பெயருக்கு எதிரே எழுதவைத்துக் கையொப்பமிட வேண்டும். பக்கத்தில் கட்சி முகவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது ரகசிய வாக்குரிமையை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ப. சதாசிவம் அமர்வு 2013 செப்டம்பர் 27 அன்று தீர்ப்பளித்தது. நோட்டா பொத்தான் அப்படித்தான் வந்தது. ஈரோடு மாவட்டத்துக்காரரான சதாசிவம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். விதியின் எண் தமிழகத்தில் அவ்வளவு பழகியிருந்ததால், 2015இல் கவுண்டமணி நடித்த படத்துக்கே '49-ஓ' என்று பெயர் வைத்தார்கள்.

தொலைபேசி எண் பற்றிய வழக்கு 2021இல் புதுச்சேரியிலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆதாருடன் இணைத்த எண்களுக்கு மட்டும் பாஜகவின் குறுஞ்செய்தி வந்ததாகவும், அதிலிருந்த இணைப்பு வாக்குச்சாவடி வாரியான வாட்ஸ்அப் குழுக்களுக்கு இட்டுச் சென்றதாகவும் மனு கூறியது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய எண்கள் என்று கட்சி மறுத்தது. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி அமர்வு புகாரைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு, ஆதார் ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றது. எனினும் அதற்காக ஏப்ரல் 6 வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்படவில்லை.