மிஸ்டு காலுக்கும் ஒரு வரலாறு உண்டு

எடுக்காமல் விட்ட ஒரு அழைப்புக்கு வரலாறு எழுத முடியுமா? முடியும். அதுவும் நம் ஊர் செல்போனின் வரலாற்றை மிஸ்டு கால் இல்லாமல் எழுதவே முடியாது!

செல்போன் கதையை எந்த செட் எப்போது வந்தது, எந்த கம்பெனி எதை வாங்கியது என்று சொல்வதுதான் வழக்கம். ஆனால் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முழுக்கதையும் புரிந்துவிடும். ஒரு அழைப்புக்கு யார் காசு கொடுப்பது? அழைக்கிறவரா, எடுக்கிறவரா?

அழைத்தாலும் காசு, எடுத்தாலும் காசு

1995 ஜூலை 31. கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு என்று சொல்லப்படுவது இதுதான். சென்னைக்கு முதலில் வந்தவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி செல்லுலார் என்ற இரண்டு கம்பெனிகள். ஸ்கைசெல்தான் பிறகு ஏர்டெல் ஆனது. ஆர்.பி.ஜி ஏர்செல் கைக்குப் போனது.

அப்போது கட்டணம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 ரூபாய் 80 காசு. பத்து நிமிடம் பேசினால் 168 ரூபாய். இதில் இன்னொரு கொடுமை, இன்கமிங்குக்கும் காசு! யாரோ ஒருவர் ராங் நம்பர் போட்டு "ஹலோ, மாணிக்கம் கடையா?" என்று கேட்டாலும் பணம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும். அதனால் செல் வைத்திருந்தவர்கள்கூட யார் அழைக்கிறார்கள் என்று நம்பரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் எஸ்.டி.டி பூத்துக்குப் போய் திருப்பி அழைப்பார்கள். மிஸ்டு காலின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

ஏன் இவ்வளவு விலை? கம்பெனிகள் அரசுக்குக் கட்ட வேண்டிய லைசென்ஸ் கட்டணம் ஏலத்தில் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட பெருந்தொகை. வாடிக்கையாளர் பத்து பேர் என்றாலும் பத்தாயிரம் பேர் என்றாலும் அதே தொகைதான். அக்கவுண்டன்சி படிப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். நிலைச்செலவு அதிகம், வாடிக்கையாளர் குறைவு என்றால் தலைக்கு விழும் பாரம் எங்கே போகும்? 1999ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை இதை மாற்றியது. வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும் என்றானது. விலை இறங்குவதற்கான முதல் கதவு அதுதான்.

2003: கேட்பது இலவசம்

2003 மே 1. ட்ராய் கொண்டுவந்த புதிய முறை அமலுக்கு வந்தது. அழைக்கிறவர்தான் காசு கொடுக்க வேண்டும், இன்கமிங் இலவசம். அழைக்கிறவரின் கம்பெனி, எடுக்கிறவரின் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு காசு என்று கொடுத்துவிடும். அந்தக் காசுக்குப் பெயர் ஐ.யு.சி. இந்தப் பெயரை மறக்காதீர்கள், பின்னால் ஒரு பெரிய சண்டை வரப்போகிறது.

அதே வருடம் ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்கு செல்போன் கொடுத்தது. மிச்சம் தவணையில். சிம் மாற்ற முடியாத சி.டி.எம்.ஏ செட், கம்பெனியை விட்டுப் போனால் அது வெறும் பொம்மை. பாதியில் தவணையை விட்டவர்கள் ஏராளம். ஆனாலும் செல்போன் என்பது பணக்காரர் சமாச்சாரம் என்ற எண்ணம் அந்த வருடம் உடைந்தது.

2003ல்தான் நோக்கியா 1100ம் வந்தது. கேமரா இல்லை, கலர் இல்லை. ஆனால் டார்ச் இருந்தது! தூசி உள்ளே போகாத கீபேட் இருந்தது. கரண்ட் போகிற ஊர்களுக்கு வேறென்ன வேண்டும்? உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா தொழிற்சாலை வந்தது. நம் கையில் இருந்த செட்டை நம் ஊர்ப் பெண்களே செய்தார்கள். வரித் தகராறு, அதனால் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற முடியாமல் போனது என்று பல சிக்கல்களுக்குப் பிறகு 2014 நவம்பர் 1 அன்று அது மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது.

ஒரு ரிங், இரண்டு ரிங்

செட் கைக்கு வந்துவிட்டது. கேட்பது இலவசம். பேசத்தான் காசு. இந்த இடைவெளியில் பிறந்ததுதான் மிஸ்டு கால்.

இதன் சூட்சுமம் எளிது. மறுமுனையில் எடுத்தால்தான் மீட்டர் ஓடும். ஆனால் எடுப்பதற்கு முன்பே நம்பர் திரையில் தெரிந்துவிடும். அதாவது "நான்தான், உன்னை நினைத்தேன்" என்ற தகவல் இலவசமாகவே போய்ச் சேர்ந்துவிடும். நம் மக்கள் விடுவார்களா? ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வீடு ஒரு தனி இலக்கணமே உருவானது. ஆட்டோக்காரரை வரச்சொல்ல மிஸ்டு கால். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பாவுக்கு மிஸ்டு கால். காதலர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்... இது தெரியாமல் யாராவது முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டால் வரும் கோபம் இருக்கிறதே! காரணம், அப்போது நிமிடக் கணக்கு. மூன்று வினாடி பேசினாலும் ஒரு நிமிடத்துக்கான காசு போய்விடும்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்க நாடுகளில் இதற்கு 'பீப்பிங்' என்று பெயர். ஜோனதன் டோனர் என்ற ஆய்வாளர் 2007ல் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார். யார் யாருக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம் என்பதற்கு அங்கேயும் எழுதாத விதி இருந்தது. வசதியுள்ளவர்தான் திருப்பி அழைக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், இங்கேயும் அதேதானே? மகள் அப்பாவுக்குக் கொடுக்கலாம். வேலைக்காரர் முதலாளிக்குக் கொடுக்கலாம். முதலாளி வேலைக்காரருக்குக் கொடுத்தால் அவர் கஞ்சர்!

கம்பெனிகளின் பதில்

மிஸ்டு காலால் கம்பெனிக்கு நயா பைசா வருமானம் இல்லை, நெட்வொர்க்குக்கோ சுமை. அதனால் மக்களைப் பேச வைக்க வேண்டியிருந்தது. 2005 இறுதியில் 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' இன்கமிங் வந்தது. மாதாமாதம் ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். 2006ல் இந்தியா முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற 'ஒன் இந்தியா' திட்டம். 2009ல் டாடா டோகோமோ வினாடிக்கு ஒரு காசு என்றது. மூன்று வினாடி பேசினால் மூன்று காசு. மற்ற கம்பெனிகளும் வேறு வழியின்றிப் பின்னால் வந்தன. முதல் ரிங்கில் எடுத்தவரைத் திட்டும் பழக்கம் அதோடு குறைந்தது.

மிஸ்டு காலையே வியாபாரம் ஆக்கியவர்களும் உண்டு. பெங்களூரின் ஜிப்டயல், விளம்பரத்தில் ஒரு நம்பரைப் போட்டு "மிஸ்டு கால் கொடுங்கள், தகவல் வரும்" என்று கம்பெனிகளுக்குச் சேவை விற்றது. 2015ல் ட்விட்டர் அதை விலைக்கு வாங்கியது. காசில்லாதவன் கண்டுபிடித்த தந்திரத்துக்கு அமெரிக்காவிலிருந்து விலை வந்தது!

25 வினாடிச் சண்டை

2016 செப்டம்பரில் ஜியோ வந்து வாய்ஸ் அழைப்பை இலவசமாக்கியது. மிஸ்டு கால் அதோடு செத்திருக்க வேண்டும். ஆனால் அது கம்பெனிகளின் கைக்குப் போனது!

2017 அக்டோபரிலிருந்து ஐ.யு.சி நிமிடத்துக்கு 6 காசு. 2019ல் ஜியோ தன் அழைப்புகளின் ரிங் நேரத்தை 20, 25 வினாடியாகக் குறைத்தது. ரிங் சீக்கிரம் நின்றால் என்ன ஆகும்? எதிராளிக்கு அது மிஸ்டு கால். அவர் திருப்பி அழைப்பார். இப்போது 6 காசு கொடுக்க வேண்டியது அவருடைய கம்பெனி. "வேண்டுமென்றே மிஸ்டு கால் உருவாக்குகிறார்கள்" என்று ஏர்டெல் புகார் சொன்னது. உலக வழக்கமே அதுதான் என்றது ஜியோ. கடைசியில் ட்ராய் தலையிட்டு செல்போனுக்கு 30 வினாடி, லேண்ட்லைனுக்கு 60 வினாடி ரிங் அடிக்க வேண்டும் என்று 2019 நவம்பர் 1 அன்று உத்தரவு போட்டது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.யு.சி பூஜ்யம் ஆனதும் சண்டைக்கே வேலையில்லாமல் போனது.

மறுபடியும் பழைய கேள்வி

இவ்வளவு சண்டைக்கு நடுவே அதிகம் பேசப்படாமல் போன விஷயம் ஒன்று உண்டு. 2018 இறுதியில் ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜ் கொண்டுவந்தன. 28 நாளைக்கு 35 ரூபாய். அதைப் போடாவிட்டால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இன்கமிங்கும் நிற்கும். 999 கொடுத்து வாங்கிய 'லைஃப்டைம்' அதோடு முடிந்தது. அது யாருடைய லைஃப்டைம் என்று யாரும் சொல்லவில்லை! அந்த 28 நாளிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வருடத்துக்கு மாதம் பன்னிரண்டு, ரீசார்ஜ் பதிமூன்று.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. கடன், அலைக்கற்றை விலை, போட்டியில் ஏர்செல் போன்றவை மூழ்கியே போயின. காசே தராத சிம்மைச் சுமக்க முடியாது என்பது வியாபாரக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் அடிபடுவது யார்? பட்டன் போன் வைத்துக்கொண்டு, யாரையும் அழைக்காமல், வெளியூர் மகனின் அழைப்புக்கு மட்டும் காத்திருக்கும் பாட்டிதான். 1995ல் எடுப்பதற்கு நிமிடக் கணக்கில் காசு. இன்று 28 நாள் கணக்கில் காசு. தொகை வேறு, கேள்வி அதே.

நெட்டே இல்லாத போனுக்கும் டேட்டாவோடு சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருந்ததால், வாய்ஸும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று ட்ராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் அவை வந்தன. கடைக்காரர்கள் தாமாக அதைச் சொல்வது சந்தேகம்தான். ஊருக்குப் போகும்போது பாட்டியின் பட்டன் போனை வாங்கி, அதில் என்ன பேக் ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள், நண்பர்களே.