சிரட்டைத் தண்ணீரும் சிலோன் பாதையும்

எனக்கு ஊர் திருவண்ணாமலை. கிரிவலம் சுற்றுகிற ஊர் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், மலைமேல் பெருமாள் இருக்கிற ஊர். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் மலைதான் தெரியும். ஆனால் எங்க அம்மாச்சி கடலைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. மாத்தளையில் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எழுபதுகளில் 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் வந்திறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, தன் பாட்டன் விட்டுப்போன சேரிக்கே வந்து சேர்ந்தவள்.

"எங்க பாட்டன் நடந்தே போனாருடா. ராம்நாடு தாண்டுனா மணலு. பகல்ல கால் வைக்க முடியாது, ராவுலதான் நடை" என்பாள்.

இப்போது படித்தவர்கள் மத்தியில் 'நிதானப் பயணம்' என்று ஒரு மோஸ்தர். அவசரமில்லாமல் ஒரு மீனவக் குப்பத்தில் தங்கி, அலையைப் பார்த்துக்கொண்டிருப்பது. நம் சனங்களும் நிதானமாகத்தான் போனார்கள், வேறு வழியில்லாமல்.

2012இல் தனுஷ்கோடி போனேன். அப்போது ரோடு கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தோடு பஸ் நின்றுவிடும். அப்புறம் மணலில் தள்ளாடுகிற வேன். நான் கரையோரமாகவே நடந்தேன். 'பேய் நகரம்' என்று எழுதுகிறார்களே, அங்கே அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கீற்றுக் குடிசைகள், காயும் நெத்திலி, வலை பொத்துகிறவர்கள். ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல். வாடைக் காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளித்தால் மன்னார் வளைகுடாப் பக்கம் தொழில். கச்சான் அடித்தால் இது மாறும். கரைவலையை இழுக்க இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடிக்கிறார்கள். மடி கரைக்கு வர மணிக்கணக்காகிறது. சில நாள் வெறும் காரல்தான்.

குடிநீருக்குப் பெண்கள் மணலைக் கையால் தோண்டுகிறார்கள். உப்புக்கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடுமாம். சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும்.

இந்தக் கடலைத்தான் நம் ஆட்கள் தாண்டினார்கள். 1830களில் சிலோனில் காப்பித் தோட்டம் பெருகியபோது தொடங்கிய நடை அது. பாம்பன், தொண்டித் துறைகளில் பாய்த்தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைவரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுப் போனார்கள். போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். கூட்டிப்போன பெரிய கங்காணிகளோ பெரும்பாலும் சாதி இந்துக்கள். ஊர்ச் சாதி தோணியில் ஏறிக் கூடவே போனது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டுதான் கூலிக்கு அடையாளம்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். போட் மெயில் தனுஷ்கோடி வரை வந்தது; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். துரைமார்களுக்கு அது சொகுசுப் பயணம். கூலிகளை மண்டபம் முகாமில் அடைத்து, உடம்பைச் சோதித்து, ஊசி போட்டு அனுப்பினார்கள்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரைப் பங்குபோட 1974 ஆயிற்று. யாரையும் கேட்கவில்லை. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆகவில்லை, டிசம்பர் 22 ராத்திரி புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலோடு சனங்கள் கடலுக்குள் போனார்கள். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. மீனவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்கள்.

2017இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்துவிட்டது. இப்போது காரிலேயே போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம்.

அன்றைக்கு ஊற்றடியில் ஒரு கிழவி என்னிடம், "எந்த ஊருப்பா?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு அடுத்தது "எந்தத் தெரு?" என்று வரும். நான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. மீனவர்கள் சாதி பார்ப்பதில்லை என்று இதை வைத்து எழுதிவிட முடியாது. அன்றைக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தான் குடித்த சிரட்டையிலேயே மொண்டு கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாச்சி கோயிலைப் பற்றிக் கேட்கவில்லை, இடிந்த ஸ்டேஷனைப் பற்றியும் கேட்கவில்லை.

"தண்ணி எங்கடா குடிச்ச?" என்றாள்.

சொன்னேன்.

"ஒசத்தி ஊத்துனாளா, கையில குடுத்தாளா?"

"கையிலதான் குடுத்தா."