மண்புழுவும் ஒரு கடிதமும்

இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற கிராமத்தில் உதவிப் பாதிரியாராக இருந்தவர் கில்பர்ட் ஒயிட். 1768 முதல் 1793-இல் காலமாகும் வரை இயற்கை நாட்குறிப்பு எழுதியவர். 1777-இல் நண்பர் பாரிங்டனுக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: மண்புழு அற்பப் பிராணியாத் தெரியலாம், அது இல்லேன்னா மண் இறுகி மலடாகிவிடும்.

அவருடைய கடிதங்கள் 1789-இல் நூலாயின. அந்நூலை இளவயதில் படித்துத்தான் சார்லஸ் டார்வின் பறவைகளை உற்றுப் பார்க்கலானார். அந்த டார்வினே 1881-இல், மறைவதற்கு முந்தைய ஆண்டு, மண்புழுவைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார்.

வியாபாரத்தில் நாள்வழியை அன்றன்றைக்கு எழுதணும். ஞாபகத்தை நம்பினால் கணக்கு நிற்காது. இயற்கையின் கணக்கும் அப்படித்தான். ஊரிலிருந்து நம் பெரியவர்கள் எழுதிய கடிதங்களிலும் மழையும் விளைச்சலும் இருக்கும். அவற்றைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுடாதீங்க; பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.